கொடுப்பதற்கு முன் கேட்போம்



எங்கள் சபை வாலிபர் குழு அடுத்த மாதம் நான்கு நாள் ஊழியப் பயணமாகப் பழவேற்காடு மீனவ கிராமங்களுக்குப் போகிறது. தினமும் குழுவாக உட்கார்ந்து செய்ய வேண்டிய தியானங்களை ஒழுங்குபண்ணும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நோட்டுப் புத்தகம், மருந்து, பாட்டு எல்லாம் தயாராகிவிட்டது. முதல் கூட்டத்திலேயே ஒரு தம்பி, "டீச்சர், அவங்களுக்கு நாம என்ன கொடுக்கப் போறோம்?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அவர்களிடம் நாம் என்ன கேட்கப் போகிறோம்?

முதல் நாளுக்கு லூக்கா 5 எடுத்திருக்கிறேன். இராமுழுவதும் ஒன்றும் கிடைக்காமல் கரையில் வலை அலசிக்கொண்டிருந்த சீமோனிடம் ஆண்டவர் முதலில் உதவிதான் கேட்டார்: அவன் படகைக் கொஞ்சம் தள்ளச் சொன்னார். மீன் கிடைத்தது பிறகுதான். யோவான் 4-இல் சமாரியப் பெண்ணிடமும் முதலில் தண்ணீர்தான் கேட்டார். வெறும் வலையோடு கரைக்குத் திரும்புவது நமக்குப் பிரசங்க உவமை. ஏரி முகத்துவாரம் மணலால் அடைபடும் காலங்களில் பழவேற்காட்டாருக்கு அது அடுப்பெரியும் கவலை. அந்த அதிகாரத்தை அவர்கள் நமக்கு விளக்கட்டும்.

இரண்டாம் நாள், நமக்கு முன் அங்கே வந்தவர்களைப் பற்றி. போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டார்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. 1630-களில் அங்கே போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் இந்த ஊர் மக்களின் நம்பிக்கைகளைப் பொறுமையாகக் கேட்டு எழுதிவைத்தார். அவர் இறந்த பிறகு, 1651-இல் அது புத்தகமாக வந்தது. அவர் எழுதிய எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டு எழுதின அந்தப் பொறுமை நமக்கு வேண்டும்.

மூன்றாம் நாள், 'பாடு' என்ற சொல். சபையில் அதைக் கேட்டாலே நமக்குக் கிறிஸ்துவின் பாடுகள் ஞாபகம் வரும். அந்த ஏரியில் 'பாடு' என்றால், வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு. இன்று நல்ல இடம் கிடைத்தவர் இன்னொரு நாள் அதை அடுத்தவருக்கு விட வேண்டும். ஒருவரே எல்லா இறாலையும் அள்ளிவிட முடியாது. பகிர்ந்து வாழ்வதைப் பற்றி நாம் அங்கே போய்ப் பாடம் எடுக்கப் போகிறோமா? கற்றுக்கொண்டு வருவோம்.

கடைசி நாள் யோவான் 21. கரையில் ஆண்டவர் ஏற்கெனவே நெருப்பு மூட்டி மீன் வைத்திருந்தார். இருந்தும் அவர்கள் பிடித்த மீனிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். அன்று யார் வீட்டிலாவது கூப்பிட்டால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். "வேண்டாங்க, நாங்க கொண்டு வந்திருக்கோம்" என்று சொல்லக் கூடாது.

சில ஒழுங்குகளும் சொல்லியிருக்கிறேன். காலைத் தியானம் அவர்களுடைய வேலை நேரம் பார்த்துத்தான், ஒலிபெருக்கி வேண்டாம். அங்கே இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர் எல்லோரும் இருக்கிறார்கள். ஜெபத்துக்கு வந்தால்தான் நோட்டு என்ற பேச்சே கூடாது. கொடுக்கும்போது படம் எடுக்கக் கூடாது.

"அப்போ சுவிசேஷம் எப்போ சொல்றது டீச்சர்?" என்று இன்னொரு பிள்ளை கேட்டாள். அவர்கள் நம்மிடம் "நீங்க ஏன் வந்தீங்க?" என்று கேட்பார்கள் அம்மா. அப்போது ஒளிக்காமல் சொல்லு. கேட்டவர்களுக்குச் சொல்வது காதில் விழும்.

பழவேற்காடு, பொன்னேரி பக்கம் இருக்கும் என் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கீழே எழுதுங்கள். மற்றவர்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.