நாலு எஞ்சினுக்கு ஓர் அச்சு

டிசி-8 விமானத்துக்கு நாலு எஞ்சின். மாதிரி விமானம் செய்கிறவருக்குத் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது. உடலை மரத்தில் செதுக்கிவிடலாம். இறக்கையைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டலாம். எஞ்சின் கூடு மட்டும் நாலும் அச்சொட்டாக ஒன்றுபோல் இருந்தாக வேண்டும். கையால் நாலு தடவை செதுக்கினால் நாலும் நாலு விதமாக வரும், பார்க்கிறவர் கண் உடனே பிடித்துவிடும். ஆகவே ஒன்றை மட்டும் பழுதில்லாமல் செய்து, அதன்மேல் சிலிக்கோன் ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சில் ரெசின் வார்த்து நாலாக்குவது.

இந்த வேலையைத் திம்புள்ளயில், பத்தனைச் சந்திக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர் செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மாதிரி விமானக்காரர்களில் பெரும்பாலோர் போர் விமானத்தைத்தான் கட்டுவார்கள். 1972இல் உற்பத்தி நின்றுபோன, மொத்தமே 556 கட்டப்பட்ட ஒரு பயணிகள் விமானத்தை இந்த மலையில் ஒருவர் ஏன் கட்ட வேண்டும்?

ஹட்டன் பக்கத்தாரிடம் இதைக் கேட்க வேண்டியதில்லை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு ஜித்தாவுக்குப் புறப்பட்ட மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8, கட்டுநாயக்காவில் இறங்குவதற்குத் தாழ்ந்துவந்தபோது ஏழு கன்னி மலையில் மோதியது. விமானிகள் தாங்கள் விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாகத் தப்பாகக் கணக்கிட்டு, மலைக்கு இப்பாலேயே உயரத்தைக் குறைத்துவிட்டார்கள். 191 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. நாலு வருடம் கழித்து, 1978 நவம்பரில், யாத்திரிகர்களை ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திருப்பிக் கொண்டுபோன இன்னொரு டிசி-8 கட்டுநாயக்காவில் விழுந்து 183 பேர் இறந்தார்கள். இலங்கை கண்ட மிகப் பெரிய விமான விபத்துகள் இவை இரண்டுமே. நோர்ட்டன் பிரிட்ஜில் முதல் விமானத்தின் டயர் ஒன்றை நினைவாக வைத்திருக்கிறார்கள்.

"டயரைத்தான் சேர் எல்லாரும் பாத்திருக்காங்க. முழு பிளேன் எப்பிடி இருந்திச்சின்னு இங்க யாருக்கும் தெரியாது" என்றார் தம்பி. அவருடைய தாத்தா அப்போது நோர்ட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர், மறுநாள் காலையில் மலைக்கு ஏறியவர்களில் ஒருவர்.

எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் கட்டுகிறார். சுமார் 46 மீட்டர் நீள விமானம் 64 சென்ரிமீட்டராகிறது. இறக்கை நுனிக்கு நுனி 60. இதிலும் சிறிய அளவில் பிளாஸ்டிக் கிட் வெளிநாட்டில் வாங்கலாம். தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் கட்டுப்படியாகாது என்கிறார். கிடைத்தாலும் வாங்கியிருக்கமாட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. மூக்கின் கீழே இரண்டு நாசித் துவாரம்போல டிசி-8க்குக் காற்று வாய்கள் உண்டு. அவற்றை மட்டும் மூன்று விதமாகச் செய்து பார்த்து, மூன்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார்.

எஞ்சின் கூட்டின் மூல வடிவத்தைக் கடைந்து கொடுத்தவர் அவருடைய தாய்மாமன், தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், அதாவது ஸ்டோரில், ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரோலர் மேசையின் பித்தளைக் கட்டைகளைக் கழற்றித் தேய்த்துப் பொருத்திய கை. "மருமவன் கோடு போட்டுக் கொண்டாந்தான், நான் கடஞ்சேன். எதுக்குன்னு அப்ப கேக்கல" என்றார். கடைந்த கட்டைக்குப் பட்டி பூசி, தண்ணீர் தொட்டு மணல்தாளால் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்திருக்கிறார்கள். சிலிக்கோன் ஒன்றையும் மன்னிக்காது. மூலத்தில் விரல்ரேகை பதிந்திருந்தால் அதுவும் நாலு எஞ்சினிலும் வரும். நான் பார்த்த வேலையில் பெரும்பகுதி இந்தத் தேய்ப்புத்தான், ஊற்றுவதெல்லாம் சில நிமிடக் காரியம்.

அச்செடுப்பதை அவர் செய்து காட்டினார். மூலத்தைப் பாதிவரை களியில் புதைத்து, சுற்றிலும் சிறு குழிகள் குத்துகிறார். மேல்பாதியும் கீழ்பாதியும் பின்னர் இடம் மாறாமல் பூட்டிக்கொள்வதற்கு அந்தக் குழிகள். நாலு பக்கமும் தகடு நிறுத்திப் பெட்டி கட்டி, நிறுத்துக் கலந்த சிலிக்கோனை ஒரு மூலையில், உயரத்திலிருந்து, நூல்போல மெல்லியதாக விழவிடுகிறார். மெல்லிய தாரையாக விழும்போது உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்கள் நீண்டு உடைந்துபோகின்றன. மறுநாள் திருப்பிப்போட்டு, களியை நீக்கி, தெரிகிற சிலிக்கோன்மேல் வாஸ்லின் பூசி, அடுத்த பாதியை ஊற்ற வேண்டும். சிலிக்கோனில் வேறெதுவும் ஒட்டாது, சிலிக்கோன் மட்டும் ஒட்டும். வாஸ்லினை மறந்தால் இரண்டு பாதியும் ஒரே கட்டியாகிவிடும், உள்ளே இருக்கும் மூலத்தைக் கத்தியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஒரு கிலோ சிலிக்கோன் அவருடைய அம்மாவின் பல நாள் கொழுந்துச் சம்பளம். பழுதான பழைய அச்சுகளை எறிவதில்லை. துண்டு துண்டாக வெட்டி, புதிய அச்சில் மூலத்தைத் தொடாத ஓரங்களில் போட்டு நிரப்புகிறார்.

அந்த அறையை இன்னொருவரும் பகிர்ந்துகொள்கிறார். கோயில்களுக்கும் வீட்டு சாமி மாடங்களுக்கும் பாரிஸ் சாந்தில் சிலை வார்க்கிறவர். அவருடைய அச்சு ரப்பர் பாலில் ஆனது. கீழே கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பாலைத் தூரிகையால் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, இடையில் துணி வைத்து ஏற்றுவார். மலிவு. ஆனால் காயும்போது சுருங்கும், பிள்ளையாருக்கு அது பாதகமில்லை. தம்பி முதலில் வாங்கிய பிளாட்டினம் வகை சிலிக்கோன் கட்டியாகாமல் பிசுபிசுவென்றே கிடந்ததற்கும் இந்தக் குடித்தனம்தான் காரணம். ரப்பர் பாலும் கந்தகம் கலந்த களியும் பட்டால் அந்த வகை இறுகாது. இப்போது டின் வகைக்கு மாறிவிட்டார்.

ரெசினுக்கு எதிரி வேறு. பொலியூரித்தேன் ரெசினின் இரண்டு திரவங்களையும் கலந்தால் சில நிமிடத்தில் சூடேறி இறுகும். ஈரம் பட்டால் பாண்மாபோல நுரைத்துப் பொங்கும். திம்புள்ளயில் தென்மேற்குப் பருவம் முழுக்க மழை, மழை விட்டால் மூடுபனி. போத்தலைத் திறந்து மூடுகிற நேரத்துக்குள் காற்றின் ஈரம் உள்ளே போய்விடும். அதனால் ஆனி ஆடியில் அவர் வார்ப்பதே இல்லை, செதுக்குவதும் தேய்ப்பதும் மட்டும். வார்ப்பெல்லாம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வறண்ட குளிர்காற்று வீசும் நாட்களில். திம்புள்ளத் தேயிலை தன் மிகச் சிறந்த வாசனையைத் தருவதும் அதே மாதங்களில்தான். ஸ்டோரில் நல்ல தேயிலை விழுகிற நாளைப் பார்த்து லயத்தில் எஞ்சின் விழுகிறது.

முதலில் வார்த்தவை முழுக் கட்டிகள். பாரம் தாங்காமல் இறக்கை தொங்கிவிட்டது. இப்போது கொஞ்சமாக ஊற்றி, அச்சைக் கையில் வைத்து எல்லாப் பக்கமும் உருட்டி, உட்சுவரில் மட்டும் படியவிடுகிறார். நான் இருந்தபோது பிறந்த கூடு உள்ளே வெறுமையாக, மிக இலேசாக இருந்தது. அச்சைப் பிரிப்பதற்கு முன் மாமனும் சிலைக்காரரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஓரத்தில் ஒரு குமிழ். "பட்டி வச்சாப் போயிடும்" என்றார் மாமா. தம்பி ஒன்றும் பேசாமல் அதைக் கழிவு டின்னில் போட்டார்.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த அறைக்கு ஒரு ஜன்னல்தான், அடுத்த பக்கம் அடுப்பங்கரை. பொலியூரித்தேனின் ஒரு பாதி ஐசோசயனேற். ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், ஒரு முறை உடம்பு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவும் ஆகாது. முகத்தில் கட்டியிருந்த துணி மாஸ்க் தூசிக்கே போதாது. திறமையைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் வருவது நியாயமில்லை. ஆவி வடிகட்டும் முகமூடியும் ஒரு காற்றுவெளியேற்றி விசிறியும் அடுத்த கிலோ சிலிக்கோனுக்கு முன் வாங்க வேண்டியவை. மாமாவும் அதைத்தான் சொன்னார்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்த பிறகு இந்தக் கைவேலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மலைநாட்டில் அந்த இயந்திரம் தேடிப் போகிற தூரத்துக்குள் ஒரு கடைசல் தெரிந்த மாமாவும் அச்சுத் தெரிந்த சிலைக்காரரும் கிடைக்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையங்கள் அச்செடுப்பையும் வார்ப்பையும் ஒரு பாடமாக வைத்தால், கோயில் வேலைக்கும் உதிரிப்பாகத்துக்கும் ஆள் இங்கேயே உருவாகும்.

தாத்தா மலைக்குப் போனதையும், திரும்பிவந்து சில நாட்கள் சாப்பிடாமல் இருந்ததையும் மட்டுமே அவர் குடும்பம் அறியும். அங்கே என்ன பார்த்தார் என்று ஒருவரும் உட்காரவைத்துக் கேட்கவில்லை, இப்போது அவர் இல்லை. 1974இல் இருபது வயதாயிருந்தவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. நோர்ட்டன், மஸ்கெலியா, லக்ஷபானப் பக்கத்து வாசகர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அந்த இரவைப் பற்றிக் கேட்டு இந்த வருடமே எழுதி வையுங்கள்.