அந்தப் பாம்பு என்ன சாப்பிடும்?

உலகத்திலேயே அழகான பாம்பு எதுன்னு கேட்டால் யோசிக்காமல் ஒரு பெயர் சொல்வேன். சான் ஃபிரான்சிஸ்கோ கார்ட்டர் பாம்பு. பாம்பு என்றாலே அலறுகிறவர்கள் இந்த இழையைத் தாண்டிப் போய்விடலாம், கோச்சுக்க மாட்டேன். மத்தவங்க ஒரு நிமிஷம் கூகுளில் அதோட படத்தைப் பார்த்துட்டு வாங்க.

பார்த்தாச்சா? நடு முதுகில் நீலப்பச்சைக் கோடு. ரெண்டு பக்கமும் கருப்பு, சிவப்பு, மறுபடி கருப்பு. தலை ஆரஞ்சு. யாரோ உட்கார்ந்து பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் காலுறை நழுவாமல் இருக்கக் காலில் கட்டிய பட்டைக்குத்தான் கார்ட்டர் என்று பெயர். கோடு போட்ட இந்தப் பாம்புகளுக்கும் அதே பெயர் வந்துவிட்டது.

பொதுவாக கார்ட்டர் பாம்புகள் வட அமெரிக்காவில் தோட்டத்திலேயே கிடக்கும். முட்டை போடாது, குட்டி போடும். மனுஷனுக்குப் பெரிய ஆபத்து இல்லை, பிடித்தால் நாறுகிற திரவத்தை நம் மேல் பூசிவிடும், அவ்வளவுதான். கனடாவில் மனிடோபா மாகாணத்து நார்சிஸ் என்ற இடத்தில், வசந்த காலத்தில் சுண்ணாம்புக்கல் பொந்துகளில் இருந்து இவை பல்லாயிரக்கணக்கில் வெளியே வரும். பார்க்க டூரிஸ்டுகள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ஆனால் நான் சொல்கிற அந்த ஒரு வகை, கலிஃபோர்னியாவில் சான் மாடியோ என்ற மாவட்டத்தையும் அதை ஒட்டிய சின்ன இடத்தையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. 1967-லேயே அமெரிக்க அரசு அழியும் நிலையில் உள்ள உயிரினங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏத்துறவருக்குப் பாம்பு மேல என்ன சார் ஆசைன்னு எங்க வார்டு சிஸ்டர்கள் கேட்பாங்க. நான் எதையும் வளர்க்கவில்லை. நைட் டூட்டியில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால், கார்ட்டர் பாம்பு வளர்ப்பவர்கள் எழுதி வைத்த குறிப்புகளைப் படிப்பேன். சிலர் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி.

அதில் ஒன்று கவனித்தேன். புதுசாக வருகிறவர்கள் நிறம், நீளம், விலை கேட்பார்கள். பழைய ஆட்கள் கேட்பது: "என்ன சாப்பாடு கொடுக்குறீங்க?"

காரணம் இருக்கிறது. கார்ட்டர் பாம்பு மீன் தின்னும். கடையில் சல்லிசாகக் கிடைப்பது கோல்ட்ஃபிஷ். ஆசையாக வாங்கிப் போடுவார்கள், அதுவும் ஆசையாகத் தின்னும். சில மாதம் கழித்து ஒருநாள் பாம்பு தள்ளாடும், மல்லாந்தால் திரும்பத் தெரியாது, வலிப்பு வரும். கோல்ட்ஃபிஷ் போன்ற சில மீன்களில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. உடம்பில் சேர வேண்டிய வைட்டமின் பி1-ஐ, அதாவது தயமினை, அது உடைத்துவிடும். வயிறு நிறைய தின்ற பாம்புக்குச் சத்துக்குறைவு.

முதல் தடவை இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது எனக்குத் தெரிந்த நோய்! வருஷக்கணக்கில் குடித்து, சோற்றை மறந்து, நடை தள்ளாடி, கண் ஒரு இடத்தில் நிற்காமல், குழம்பிப்போய் வார்டுக்கு வருகிறவர்களிடம் நாங்கள் பார்ப்பதும் பி1 குறைவுதான். வெர்னிக்கி என்று பெயர். அதனால்தான் குடிநோயாளி மயக்கமாக வந்தால் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னாடி தயமின் போடச் சொல்லி ஹவுஸ் சர்ஜன் காலத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பாம்புக்கும் வைத்தியம் தயமின் ஊசிதான். சரியான நேரத்தில் போட்டால் எழுந்துவிடும்.

இன்னொரு கதை இதைவிட சுவாரசியம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் நியூட் என்றொரு பிராணி இருக்கிறது. பார்க்கப் பல்லி மாதிரி, உறவில் தவளைக்குப் பக்கம். அதன் தோலில் டெட்ரோடோடாக்சின், பலூன் மீனில் இருக்கிற அதே விஷம். 1979-ல் ஓரிகன் மாகாணத்தில் 29 வயது ஆள் ஒருவர், குடிபோதையில் பந்தயத்துக்காக ஒரு நியூட்டை விழுங்கினார். அன்றே இறந்துவிட்டார். மருத்துவ இதழில் பதிவான கேஸ் இது. அதே நியூட்டை அங்கிருக்கும் சில கார்ட்டர் பாம்புகள் சாதாரணமாகத் தின்றுவிட்டுப் போகும். நம் பல் டாக்டர் மரத்துப்போகப் போடுகிற ஊசி நரம்பில் எந்த சோடியம் வாசலை அடைக்கிறதோ, அதே வாசலைத்தான் இந்த விஷமும் அடைக்கிறது. இந்தப் பாம்புகளில் அந்த வாசலின் அமைப்பே மாறியிருக்கிறது, விஷம் ஒட்டாது. அதுக்கும் விலை உண்டு. எதிர்ப்பு சக்தி அதிகமான பாம்புகள் கொஞ்சம் மெதுவாகத்தான் ஊர்கின்றன.

சரி, நம்ம அழகிக்கு வருவோம். அவளுடைய குட்டிகளுக்குச் சின்ன மரத்தவளை வேண்டும், பெரியவளானால் செங்கால் தவளை. அந்தச் செங்கால் தவளையே இப்போது பாதுகாக்கப்பட்ட இனம். குளத்தைத் தூர்த்து வீடு கட்டினார்கள், தவளை போச்சு, பாம்பும் போச்சு. அழகுக்காகத் திருட்டுத்தனமாகப் பிடித்தவர்களும் உண்டு. இன்று அந்தப் பாம்பு அதிகமாக வாழ்வது எங்கே தெரியுமா? சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குச் சொந்தமான 180 ஏக்கர் சதுப்பு நிலத்தில். சுமார் 1,300 பாம்புகள். குளத்தையும் தவளையையும் பார்த்துக்கொண்டார்கள், பாம்பு தன்னைத்தானே பார்த்துக்கொண்டது.

ஐரோப்பாவில் சிலர் இதை முறையாக வளர்த்துக் குட்டி எடுக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எல்லாம் ஒரு சில பாம்புகளின் வாரிசுகள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று நம்ம ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் எழுதக் காரணம், கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி போன வாரம் மெசேஜ் பண்ணியிருந்தார். "அண்ணா, ரேர் கார்ட்டர் பாம்பு கிடைக்குதாம், வாங்கலாமா?" வாங்காதீங்க தம்பி. நம்ம நாட்டுப் பாம்பை வீட்டில் வைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வெளிநாட்டுப் பாம்பை அனுமதி இல்லாமல் கொண்டுவருவதும் குற்றம். சென்னை விமான நிலையத்தில் சூட்கேஸில் சுருட்டி வந்த பாம்புகளைச் சுங்கத்துறை பிடித்த செய்தியை நீங்களே படித்திருப்பீர்கள். விற்கிறவரிடம் "இது என்ன சாப்பிடும்?"னு மட்டும் கேட்டுப் பாருங்க. கோல்ட்ஃபிஷ் என்று சொன்னால், மேற்கொண்டு நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆசையை என்ன செய்வது? கார்ட்டர் பாம்பின் ஒன்றுவிட்ட சொந்தம் நம்ம ஊரிலேயே இருக்கிறது. உடம்பு நீளத்துக்கும் ரெண்டு மஞ்சள் கோடு ஓடுகிற, விஷமில்லாத, சாதுவான வயல்வெளிப் பாம்பு. கட்டுவிரியன் என்று நினைத்து அடித்தே கொல்கிறோம். அதுக்காகக் கோடு குறுக்கே இருக்கா நெடுக்கே இருக்கான்னு பார்த்துட்டுக் கையில் எடுக்காதீங்க. எது கடித்தாலும் நேராக அரசு மருத்துவமனை, இல்லையென்றால் 108.

எங்க குவார்ட்டர்ஸ் பின்னாடி மழைத்தண்ணி தேங்குகிற இடத்தில் அப்படி ஒன்று உண்டு. போன மழைக்குத் தள்ளி நின்று அரைமணி நேரம் பார்த்தேன். தவளையின் பின்னங்காலைக் கவ்வி, தலைப்பக்கம் திருப்பக்கூட இல்லாமல், அப்படியே உள்ளே இழுத்தது. கடைசிவரை தவளை கத்திக்கொண்டே இருந்தது.