விடைக்குறிப்பு இல்லாத பாடம்

எம்.சி.ஏ.வில் சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் இனித் தனித்தாள் இல்லையாம். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கில் ஒரு யூனிட்டுக்குள் அடக்கிவிடுவார்களாம். நான் ஓய்வுபெறும் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. "டிஎஃப்டி வரையறதுக்கு ஒரு செமஸ்டர் எதுக்கு சார்?" என்றார் கூட்டத்தில் ஓர் இளைய பேராசிரியர். டிஎஃப்டி, அதாவது டேட்டா ஃப்ளோ டயகிராம், வரைய ஒரு வாரம் போதும். எதை வரைவது என்று கண்டுபிடிக்கத்தான் செமஸ்டர் பற்றவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு மாணவனை அனுப்புவேன். "ஸ்டாக் கணக்கு இடிக்குது தம்பி, ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் குடுங்க" என்பார் முதலாளி. அன்று மாலையே ஐட்டம் மாஸ்டர், ஸ்டாக் லெட்ஜர் என்று டேபிள்களோடு வந்து நிற்பான். திருப்பி அனுப்புவேன். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங் என்று துணியின் பின்னாலேயே போ. கிலோவில் வந்தது பீஸாக மாறும் இடத்தில் நின்று பார் என்பேன்.

போனால் தெரியும். துணி பற்றாமல் போனால் தன் தலை உருளும் என்று மெர்ச்சண்டைசர் கொஞ்சம் கூட்டிப் போட்டிருப்பார். டையிங்கில் எடை குறையும் என்று ஃபேப்ரிக் மேனேஜர் தன் பங்குக்குக் கூட்டுவார். டேமேஜ் வரும் என்று கட்டிங் மாஸ்டரும். ஒருவர் கூட்டியது இன்னொருவருக்குத் தெரியாது. மிச்சத் துணி குடோனில் குவியும். முதலாளி கேட்ட சாஃப்ட்வேர் அந்தக் குவியலைத் துல்லியமாக எடைபோட்டுச் சொல்லும்; குறைக்காது.

ஐ.சி.ஐ. ரசாயன நிறுவனத்திலிருந்து 1969இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்த பீட்டர் செக்லண்ட் இதில்தான் முட்டிக்கொண்டார். இன்ஜினியரிங் முறைகளை நிர்வாகச் சிக்கல்களில் பொருத்திப் பார்த்தார், பொருந்தவில்லை. குறிக்கோள் எது என்பதிலேயே ஆளுக்கொரு பேச்சு. சிக்கலைப் படமாக வரையும் ரிச் பிக்சரும், யாருடைய பார்வையில் எது என்று கேட்கும் கேட்வோவும் (CATWOE) அதற்காகப் பிறந்தவை. நம் பிள்ளைகளோ கேட்வோவின் ஆறு எழுத்தை மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இந்தப் பனியன் கம்பெனியை ஒருமுறை தேர்வில் வைத்தேன்: யார் யாருக்கு எது சிக்கல், எழுதுக. விடைக்குறிப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரே விடை இருந்தால் அது ஏன் அனாலிசிஸ்?

இப்போது முதலாளி சொன்ன ஒற்றை வரியை ஏஐயிடம் கொடுத்தால் எஸ்.ஆர்.எஸ். என்ற தேவை ஆவணம் சுடச்சுட வந்துவிடுகிறது. எழுத்துப்பிழைகூட இருக்காது. கட்டிங் மாஸ்டரிடம் மட்டும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

தாளைத் தாராளமாக எடுக்கட்டும். கேட்டதைக் கேட்டபடி கட்டிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் வெளியே வருவார்கள். ஆறு மாதத்தில் முதலாளி பழைய நோட்டுக்கே திரும்புவார். "யூசருக்கு யூஸ் பண்ணத் தெரியலை" என்று பழியை அவர் தலையிலேயே போட்டுவிட்டு இவர்கள் அடுத்த ப்ராஜெக்டுக்குப் போய்விடுவார்கள்.