தாளம் அறிந்த கேமரா: ஜொகூர் பாருவில் கச்சேரிப் படப்பிடிப்பு

கச்சேரியைப் படம்பிடித்து வீட்டில் இருப்போருக்குக் கொண்டுசேர்க்கும் தொழில், கர்நாடக இசையின் பரவலில் இன்று சபாவுக்கு அடுத்த இடத்தைப் பிடித்துவிட்டது. ஆயினும் அத்தொழிலைச் செய்வோர் எதைக் கேட்டு, எதைப் பார்த்து, எந்த நொடியில் எந்தக் காட்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது இசை பற்றிய எழுத்தில் அரிதாகவே பேசப்படுகிறது. இதைக் கண்டறிய ஜொகூர் பாரு ஏற்ற களமாகும். மலேசியாவைச் சிங்கப்பூரோடு இணைத்து 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் வடமுனையில் இருக்கும் இந்நகரத்து ரசிகர், 1949-இல் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தின் கச்சேரிக்கோ 2002-இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் அரங்குக்கோ செல்வதென்றால், தொலைவு குறைவே ஆனாலும் கடவுச்சீட்டு, குடிநுழைவுச் சோதனை, பாலத்து நெரிசல் ஆகிய மூன்றையும் கடந்தாக வேண்டும்.

அதனால் திரைவழிக் கச்சேரி இங்குப் பழகிப்போன ஒன்று. நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த சிங்கப்பூர்த் தமிழ் ஒளிபரப்பைக் கூரை அன்டெனா பிடித்துத் தந்த காலமும், 1996-இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி தொடங்கியபின் அதன் வானவில் அலைவரிசை வீட்டுக்குள் வந்த காலமும் கடந்து, இப்போது சென்னைச் சபாக்களின் இணைய நேரலை கைப்பேசியிலேயே கிடைக்கிறது. மலேசிய நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது; ஆகவே சென்னையில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் கச்சேரி, ஜொகூர் பாருவில் இரவு எட்டரைக்கு, வேலை முடிந்து வீடு திரும்பியோர் சாப்பிட்டு அமரும் வேளைக்குச் சரியாக வந்துசேர்கிறது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து பாலத்தில் பயணிகள் செல்வதும் தடைபட்டபின், திரை ஒன்றே வழியாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் சென்னைச் சபாக்கள் ஒன்றுகூடி ‘யுவர்ஸ் ட்ரூலி மார்கழி’ என்ற இணைய விழாவை நடத்தியபோது, சென்னை மயிலாப்பூரில் இருந்தவரும் ஜொகூர் பாருவின் தெப்ராவில் இருந்தவரும் ஒரே முன்வரிசையில் அமர நேர்ந்தது.

வெளியூர்க் கச்சேரி இவ்வாறு உள்ளே வருவது ஒருபுறம் இருக்க, உள்ளூர் இசையைப் படமாக்கும் பணியும் இங்கு நடைபெறுகிறது. 1981-இல் கோலாலம்பூரில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால் தொடங்கப்பெற்று ஜொகூர் பாருவிலும் கிளை கண்ட டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைப்பள்ளிகளின் மேடைகளும், அரங்கேற்றங்களும், கோயில் விழாக்களும் இதற்குக் களமாகின்றன. கேமராவுக்குப் பின்னால் நிற்போர் பெரும்பாலும் திருமணம், கும்பாபிஷேகம், பிறந்தநாள் என்று வாரயிறுதி தோறும் ஓடுகிறவர்கள். கச்சேரி அவர்களுக்கு இடையிடையே வரும் வேலையே. இரண்டு அல்லது மூன்று கேமரா, அவற்றின் காட்சிகளுள் ஒன்றைத் தேர்ந்து நேரலைக்கு அனுப்பும் ‘ஸ்விட்சர்’ என்னும் கருவி, அரங்கின் ஒலிக்கலவைப் பெட்டியிலிருந்து இழுத்த ஒரு கம்பி ஆகியவையே ஒரு சிறு குழுவின் முழு உடைமை.

கருவி எளிதாயினும் பணி எளிதன்று. மேலைச் செவ்வியல் இசையைப் படமாக்குவோர்க்கு ஒரு பற்றுக்கோடு உண்டு: இசை முழுவதும் தாளில் எழுதப்பட்டிருப்பதால், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இயக்குநரின் அருகில் அமர்ந்து, இன்னும் இரண்டு ‘பார்’ கழித்துப் புல்லாங்குழல் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். இசைக்குழு நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் கராயன் தம் இசைக்குழுவை வைத்து எடுத்த படங்கள் பலவற்றில், முன்பே பதிவான இசையை ஒலிக்கவிட்டு அதற்கேற்பக் கலைஞர்கள் வாசிப்பதுபோல் காட்டியதும் உண்டு. கர்நாடகக் கச்சேரிக்கு இவ்விரு வழிகளும் அடைபட்டவை. ஆலாபனையும் நிரவலும் கற்பனாஸ்வரமும் அந்தக் கணத்தில் பிறப்பவை. பாடுபவருக்கே அடுத்த ஸ்வரம் முன்கூட்டித் தெரியாதபோது, கேமராக்காரருக்கு எழுதிக் கொடுக்க எந்தத் தாளும் இல்லை. அவர் நம்பக்கூடியவை தாளமும், மேடையில் இருப்போர் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் பார்வையுமே ஆகும்.

இதனைத் தனியாவர்த்தனத்தில், அதாவது பாட்டும் வயலினும் ஓய்ந்து தாளவாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் பகுதியில், தெளிவாகக் காணலாம். மிருதங்கக்காரர் வழக்கமாகப் பாடகரின் வலப்பக்கம் அமர்வதால், அவரது வலக்கை தட்டும் வலந்தலை அவையை நோக்கியும், ரவை அப்பிய தொப்பி எனப்படும் இடந்தலை மேடையின் பின்புறம் நோக்கியும் அமைகின்றன. இவ்வமைப்பு காதுக்காக ஏற்பட்டது. இடக்கையரான மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளைக்காக இடம் மாறி அமர வயலின் வித்துவான்கள் தயங்கியது, இதில் ஒலியின் திசை எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டும். கேமராவுக்கோ இதுவே இடர்ப்பாடு: அவையின் நடுவிலிருந்து எடுத்தால் வலக்கை மட்டுமே தெரியும், கும்காரம் எழும்பும் இடக்கை மறைந்துவிடும். ஆகவே அனுபவமுள்ள குழு, தனி தொடங்குமுன்பே ஒரு கேமராவை மேடையின் பக்கவாட்டுத் திரையோரம் கொண்டுசென்று, இரு கையும் ஒரே சட்டகத்தில் அடங்குமாறு நிறுத்துகிறது. தனியை முடித்துவைக்கும் சொற்கட்டான கோர்வை நெருங்கும்போது பாடகரின் தாளம் போடும் கையைக் காட்டி, கோர்வை முடிந்து, பாட்டு தொடங்கும் தாள இடமான எடுப்பில் பல்லவி வந்து விழும் அதே தட்டில் முழு மேடைக்கு மாறினால், வீட்டில் இருப்பவருக்கும் கை தானாகத் தொடையில் விழும். அரை அட்சரம் முந்தினாலோ பிந்தினாலோ, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் அவர் முகம் சுளிப்பார்.

ஒலிக்கும் ஒளிக்கும் உள்ள பொருத்தமும் இங்கேதான் சோதிக்கப்படுகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். எனவே 20 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் சொந்த மைக்கில் மிருதங்கத்தின் அடி சுமார் 0.06 நொடி தாமதமாகவே பதியும். நொடிக்கு 25 சட்டகம் ஓடும் படத்தில் இது ஒன்றரைச் சட்டகம். மாறாக, ஒலிக்கலவைப் பெட்டியிலிருந்து நேரே வரும் ஒலி, ஸ்விட்சரைக் கடந்துவரும் படத்தைவிட முந்திக்கொள்ளும். அப்போது ஒலியைச் சற்றே நிறுத்தி அனுப்ப வேண்டும். கச்சேரிக்கு முன் ஒருவர் மேடையில் நின்று கைதட்ட, தட்டும் கணமும் ஓசையும் ஒன்றுபடும்வரை குமிழைத் திருகி அளவு வைப்பது இக்குழுக்களின் வழக்கம். பாட்டில் யாரும் கவனியாத பிழை, தனியில் விரலும் ஓசையும் பிரிந்து நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

கோயில் வேறு வகைச் சோதனை. 1922-இல் சிறு குடிலாகத் தோன்றி 2009-இல் கண்ணாடிக் கோயிலாக மறுவடிவம் பெற்ற அருள்மிகு ராஜகாளியம்மன் ஆலயத்தில், சுமார் 3,00,000 வண்ணக் கண்ணாடித் துண்டுகள் சுவரையும் விதானத்தையும் மூடியுள்ளன. இத்தகைய இடத்தில் விளக்கை எங்கு வைத்தாலும் அது நூறு புள்ளிகளாகத் திரும்பி வரும். கேமராக்காரரின் உருவமும் எங்கோ ஒரு துண்டில் அகப்படும். கடினமான பரப்புகள் நாதஸ்வரத்தையும் தவிலையும் எதிரொலிக்கச் செய்வதால், மைக்கைக் கருவிக்கு மிக அருகே கொண்டுபோவதன்றி வழியில்லை.

படத்தின் அழகுக்காக இசையை விட்டுக்கொடுக்கும் ஆசை பெரியவர்களையும் விட்டதில்லை. சத்யஜித் ராய் 1976-இல் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த ‘பாலா’ ஆவணப்படத்தில் கடற்கரையில் ஆடவைத்த பகுதியில், காற்று ஆடையைப் பறக்கவிட்டு அபிநயத்தோடு போட்டியிடுகிறது. 2008-இல் ஜெயேந்திரா இயக்க, பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்ய, பம்பாய் ஜெயஸ்ரீயும் டி.எம். கிருஷ்ணாவும் பாடித் திரையரங்குகளில் வெளியான ‘மார்கழி ராகம்’ இதற்கு மறுமுனை: வெளிக்காட்சி எதையும் தேடாமல், பாடும் முகத்தையும் விரலையும் மட்டுமே நம்பியது. ஜொகூர் பாருவின் சிறு குழுவுக்கு அவ்வளவு பெரிய பொருட்செலவு கைக்கெட்டாது. ஆனால் அப்படத்தின் அடிப்படையான பொறுமை, செலவில்லாமல் கற்கத்தக்கது.

இங்குக் காணப்படும் குறை, கருவியில் இல்லை. கருவியை இயக்குவோருக்குத் தாளம் கற்பிக்க யாரும் முன்வராததில் இருக்கிறது. கலைப்பள்ளிகளில் மிருதங்கமும் பாட்டும் பயிலும் மாணவர் அனைவரும் மேடைக் கலைஞர் ஆவதில்லை. அவர்களுள் ஒருவரை ஸ்விட்சரின் அருகே அமர்த்தி, எடுப்பையும் கோர்வையையும் முன்னறிந்து சொல்லச் செய்தால், மேலைநாட்டார் எழுதிய தாளிலிருந்து பெறும் உதவியை இவர்கள் ஒரு பயின்ற காதிலிருந்து பெறலாம். கேமராக்காரருக்கு ஊதியம் கொடுப்பதைப்போல் அந்தக் காதுக்கும் ஊதியம் கொடுத்து, நிகழ்ச்சியின் இறுதியில் பக்கவாத்தியக்காரர் பெயருக்கு அடுத்து அவர் பெயரையும் போடுவது, அரங்கேற்றம் நடத்தும் எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் கோயிலுக்கும் இயலாத காரியமன்று.