கோப்பைக்குப் பின் என்ன?

துவாஸ் சிங்கப்பூரின் மேற்குக் கடைக்கோடி. ரயில் பாதை அங்கே முடிகிறது. அதற்கப்பால் கப்பல் பட்டறைகளும் துறைமுகமும் கடலுந்தாம். அக்கரையில், ஜொகூரிலுள்ள எண்ணெய்ப்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் நாம், 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தின் வழியாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கு வருவது வழக்கம். பட்டறையில் வெல்டிங் வேலை செய்யும் நம் தங்கை கணவர் வேலை முடிந்து வருமட்டும் ரயில் நிலையத்தடியில் காத்திருப்போம். பின்னர் இருவரும் தேக்காவுக்குச் சென்று, தங்கையையும் பிள்ளைகளையும் சந்தித்து, உணவருந்தித் திரும்புவோம்.

சென்ற மாதம் அவர் வந்ததும் வராததுமாக, "மச்சான், பெரியவளுக்குச் சேர்த்து வைத்த நகையை விற்றுவிடலாமா? தாய்மாமன் நீங்கள் சொன்னால்தான் உங்கள் தங்கை கேட்பாள்" என்றார்.

பெரியவளுக்கு வயது பதினைந்து. பள்ளிகளுக்கிடையே நடந்த டென்னிஸ் பந்தயங்களில் இரண்டு கோப்பைகள் வாங்கியிருக்கிறாள். இனி வெளியூர்களுக்குச் சென்று பெரியவர்களோடு ஆடிப் பழகினாலன்றி மேலே போக வழியில்லை என்று பயிற்சியாளர் கூறிவிட்டாராம். அதற்குப் பணம் வேண்டும். வீட்டிலிருப்பதோ அவள் கலியாணத்துக்கென்று பத்தாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த நகை ஒன்றே. "பெண்பிள்ளையின் கழுத்தில் ஏறவேண்டிய பொன்னைப் பந்தடிக்கச் செலவிடுவதா?" என்று உறவினர் கேட்கின்றனராம். நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நம் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில், பங்களா முற்றத்தில் ஒரு டென்னிஸ் களம் இருந்தது. நம் பாட்டனார் சிறுவனாக இருந்தபொழுது மாலை வேளைகளில் அங்கே பந்து பொறுக்குவார். பந்தைத் தொட அவருக்கு உரிமையுண்டு. மட்டையைத் தொட உரிமை கிடையாது. அக்களத்தில் இன்று லாலான் புல் மண்டிக் கிடக்கிறது. அவர் பேரனாகிய நாம் சிங்கப்பூரில் மாமா வீட்டில் தங்கி ஆங்கிலப் பள்ளியில் படித்தமையால், மட்டையைத் தொடும் பேறு பெற்றோம். பதினான்காம் வயதில் ஒரு கோப்பையும் வாங்கினோம். தோட்டத்தில் மேளம் வைத்து வரவேற்று மாலையிட்டார்கள். பதினெட்டாம் வயதில், மேற்கொண்டு ஆடுவதற்கு உதவி கேட்டு, மாலையிட்டவர்களிடமே சென்றோம். அவர்களில் ஒருவரும் தீயவரல்லர். ஆயினும், "இன்னொரு கோப்பை வாங்கி வாருங்கள், இன்னும் பெரிதாகச் செய்வோம்" என்பதே எல்லோருடைய விடையாயிருந்தது. அக்கோப்பையில் இன்று நம் ஆபீஸ் மேசையின்மேல் பேனாக்கள் நிற்கின்றன.

நிற்க. இது நம்மொருவர் குறையென்று எண்ணி வாளாவிருந்தோமில்லை. மேலான ஆட்டக்காரர்களின் வரலாற்றைப் படித்துப் பார்த்தபொழுதும் இவ்விஷயமே கண்ணில் பட்டது.

தமிழ்நாட்டு ராமநாதன் கிருஷ்ணன் 1954ஆம் ஆண்டு விம்பிள்டனில் சிறுவர் பட்டம் வென்றார். ஆசியக் கண்டத்திலிருந்து அப்பட்டம் பெற்றவர்களில் அவரே முதல்வர். பின்னர் பெரியவர் போட்டியில் 1960, 1961 ஆகிய இரண்டாண்டுகளிலும் அரையிறுதி வரை சென்றார். அக்காலத்தில் பணம் பெற்று ஆடுவோருக்கு விம்பிள்டனில் இடமில்லை. 1968ஆம் ஆண்டில்தான் அத்தடை நீங்கியது. ஜாக் கிரேமர் என்னும் அமெரிக்கர் தம் தொழில்முறைக் குழுவில் சேருமாறு அழைத்தபொழுது, விம்பிள்டனையும் டேவிஸ் கோப்பையையும் இழக்க மனமின்றிக் கிருஷ்ணன் மறுத்துவிட்டார்.

அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன், தந்தை வென்று இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், 1979இல் அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். அவ்வாண்டே பிரெஞ்சுப் போட்டியின் சிறுவர் பட்டத்தையும் பெற்றார். அதற்கு முந்திய 1978ஆம் ஆண்டில் இவ்விரண்டு பட்டங்களையும் வென்றவர் செக்கோஸ்லோவாக்கியா நாட்டு இளைஞர் இவான் லெண்டில். இரண்டு பிள்ளைகள், அடுத்தடுத்த ஆண்டுகள், அதே இரண்டு கோப்பைகள். ஆனால் லெண்டில் 1983இல் உலக வரிசையில் முதலிடம் பெற்று, மொத்தம் 8 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களைச் சேர்த்துக்கொண்டார். ரமேஷ் எட்டிய மிகவுயர்ந்த இடம் 1985இல் பெற்ற 23.

சிறுவர் பந்தயத்தில் வயதுக்கு ஓர் எல்லையுண்டு. பதினேழு வயதினன் தன்னொத்த வயதினனோடு ஆடுகிறான். தொழில்முறையில் அந்த வேலி இல்லை. அவனுக்கெதிரே நிற்பவன் பத்தாண்டு அனுபவமுள்ளவனாயும், ஆட்டத்தால் வயிறு வளர்ப்பவனாயும் இருப்பான். ரமேஷின் ஆட்டம் மென்மையும் நுட்பமும் வாய்ந்தது. அவர் பந்தைப் போடும் வேகமோ குறைவு. பலமே ஆளத் தொடங்கிய காலத்தில் அத்தகைய ஆட்டத்தோடு நின்றவர் அவர்.

ஆதலால் அவரைத் தோற்றவர் என்று சொல்லலாமா? 1981லும் 1987லும் அமெரிக்கப் போட்டியிலும், 1986இல் விம்பிள்டனிலும் அவர் காலிறுதி கண்டார். 1987இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி, இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுசென்ற கடைசி ஆட்டம் அவருடையதே. 1989இல் ஆஸ்திரேலியப் போட்டியில், அன்று உலகின் முதலிடத்திலிருந்த மாட்ஸ் விலாண்டரை வென்றார். உலகில் இருபத்திருவர்க்கு அடுத்து நின்ற ஒருவரை, "முதலாவதாக வரவில்லையே" என்று உதட்டைப் பிதுக்கும் ஜனங்கள் நாம்!

கவனிக்கவேண்டியது மற்றொன்று. லெண்டிலின் பெற்றோர் இருவரும் டென்னிஸ் ஆடியவர்கள். ரமேஷுக்கோ தந்தையும், அவர்க்கு முன் பாட்டனார் டி. கே. ராமநாதனும் ஆசான்கள். கோயமுத்தூரில் வளர்ந்த நிருபமா வைத்தியநாதன் 1998இல் ஆஸ்திரேலியப் போட்டியின் பிரதான சுற்றில் ஓர் ஆட்டம் வென்று, இக்காலக் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் அவ்வாறு வென்ற முதல் இந்தியப் பெண்ணெனப் பெயர் பெற்றார். அவருக்கும் தந்தையே ஆசான். வீட்டுக்குள்ளேயே ஆசானும் அனுபவமும் உள்ளவர்க்கும் இந்தக் கடப்பு இத்துணைக் கடினமானால், பந்து பொறுக்கியவரின் பேரப்பிள்ளைகள் கதி என்ன?

தொழில்முறையின் கீழ்ப்படியிலுள்ள பந்தயங்களில் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதை ஒற்றையர் முப்பத்திருவரும் இரட்டையர் இணைகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதற்சுற்றில் தோற்றவர்க்குக் கிடைப்பது அவ்வாரத்து அறை வாடகைக்கும் காணாது. விமானக் கட்டணம், பயிற்சியாளர் சம்பளம், மட்டை நரம்பு எல்லாம் கைப்பணம். திறமை குன்றியதனால் நின்றவர் சிலர். கைப்பணம் தீர்ந்ததனால் நின்றவர் பலர்.

2015ஆம் ஆண்டு காலாங் உள்ளரங்கில் நடந்த மகளிர் இறுதியாட்டத்தைக் காண நாம் சென்றிருந்தோம். அன்று ஆடித் தோற்றவர் செக் நாட்டுப் பெட்ரா குவித்தோவா. அதற்கு முன்னரே இருமுறை விம்பிள்டன் வென்றவர். அவர் ஊர் புல்னெக். ஆறாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். தகப்பனார் பள்ளி ஆசிரியர். அச்சிற்றூரிலும் ஊர்ப்பிள்ளைகள் ஆடுவதற்கு டென்னிஸ் களம் இருந்தது. நம் தோட்டத்திலும் களம் இருந்தது. அது துரைக்கு இருந்தது. வேற்றுமை இரத்தத்திலும் இல்லை, தலையெழுத்திலும் இல்லை, இதில்தான் இருக்கிறது.

இவ்வளவும் எண்ணிய பின்னர், இம்மாதம் தேக்காவில் தங்கையிடம் நம் அபிப்பிராயத்தைக் கூறினோம். பாதி நகையை விற்கலாம். மீதிக்குத் தாய்மாமனென்ற முறையில் சீர் செய்ய நாம் ஒதுக்கி வைத்ததை இப்பொழுதே மாதந்தோறும் தருவோம். மூன்றாண்டு கெடு. படிப்பை விடக்கூடாது. உலக வரிசையில் முந்நூறாவது இடத்தோடு அவள் நின்றாலும், இடமே கிடைக்காமல் திரும்பினாலும், "பொன்னைத் தொலைத்தாள்" என்று வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது.

தங்கை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணா, நாளை மாப்பிள்ளை வீட்டார் நகை எங்கே என்று கேட்டால்?" என்றாள். "நகையைக் கேட்டு வருகிற வீட்டுக்கு நம் பெண் போகவேண்டாம்" என்றோம். மருமகள் அதைக் கேட்டும் கேளாதவள்போல் தோசையைத் தின்றுகொண்டிருந்தாள். புறப்படும்பொழுது மட்டும் அருகில் வந்து, "மாமா, மூணு வருஷத்துல ஒண்ணுமே ஜெயிக்கலைன்னா?" என்று கேட்டாள். "ஜெயிக்காமல் வந்தால் எம்மோடு ஆட ஒரு துணை கிடைக்கும், லாலானை வெட்டிக் களத்தைத் துப்புரவு செய்து வைக்கிறோம்" என்றோம்.

தோட்டங்களிலும் பட்டணங்களிலுமுள்ள நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பதினான்கு வயதுப் பிள்ளை கோப்பையோடு வரும்பொழுது போடும் மாலைகளில் ஒன்றைக் குறையுங்கள். அந்தப் பணத்தை எடுத்துவைத்து, அப்பிள்ளை பதினெட்டு வயதில் வெறுங்கையோடு வரும்பொழுது கொடுங்கள். மாலை வாடிவிடும், அன்று கொடுத்த பயணச்சீட்டு ஒருவரைப் பாதி வழியேனும் கொண்டுசேர்க்கும்.