ஸ்பிதிக்கு 345 கிலோ

காலியாக நிற்கும் ஐந்து கதவு ஜிம்னி ஏறத்தாழ 1,200 கிலோ. ஆளும் சாமானும் ஏறிய பிறகு மொத்தம் 1,545 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனி வைத்திருக்கும் வரம்பு. ஆக, நமக்கென்று மிஞ்சுவது 345 கிலோ. மலைவழிக்கும் ஆற்றுவழிக்கும் என்று வண்டியை மாற்றப் போகிறவர்கள் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஸ்பிதி பயணத்துக்கு எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை எங்களுக்கு அந்த எண்தான் தீர்மானித்துக் கொடுத்தது.

வீட்டில் இருப்பது ஒரே கார். திங்கள் முதல் சனி வரை பீளமேட்டில் என் ஆபீசுக்கும் பையனின் பள்ளிக்கும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு மருதமலைக்கோ பேரூருக்கோ போகும். அதே வண்டியில் கோவையிலிருந்து ஹைதராபாத், நாக்பூர், டெல்லி, சிம்லா என்று ஏறி இமாசலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கைச் சுற்றி வரலாம் என்று யோசனை சொன்னவன் தம்பி. முன்னால் இரும்பு பம்பர், அதில் வின்ச், கூரையில் கேரியர், அதன்மேல் கூடாரம், இரண்டு ஜெர்ரிகேன், வண்டியை 2 இன்ச் தூக்கும் ஸ்பிரிங் என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தான். அந்தச் சாமான்களின் மேல் அவனுக்கு இருக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஒரு மாலை இருவரும் உட்கார்ந்து எழுதினோம். பம்பரும் வின்ச்சும் 80 கிலோ. கேரியரும் கூடாரமும் 75. பெட்ரோல் நிரம்பிய இரண்டு கேன் 30. எங்கள் இருவருடைய எடை 140. கூட்டினால் 325. குடிதண்ணீர், துணி, அடுப்பு, ஸ்பானர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 கிலோதான் மிச்சம்.

பம்பருக்கு வேறு தடையும் இருக்கிறது. முன்னால் கூடுதல் இரும்புத் தடுப்பு பொருத்தக் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதினால் நடந்து போகிறவருக்கு அடி பலமாகும், வண்டிக்குள் ஏர்பேக் விரிவதும் கெடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளர் வைத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. அதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதி செய்தது. பள்ளிக்கூட வாசலில் தினமும் நிற்கும் வண்டிக்கு இது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன்.

ஸ்பிரிங் விஷயத்தில் அம்மாவின் முழங்கால்தான் முடிவு சொன்னது. இப்போதே அம்மா மேல் பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் ஏறுகிறார். இன்னும் 2 இன்ச் தூக்கினால் ஸ்டூல் போட வேண்டும். தவிர, ஸ்பிரிங்கை மாற்றினால் உயர்வது வண்டியின் உடம்புதான். ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில். அதன் நடுவில் தொங்கும் ஹவுசிங்தான் முதலில் கல்லில் இடிக்கும் இடம். எவ்வளவு உயரமான ஸ்பிரிங் போட்டாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. அதைத் தூக்கக்கூடியது டயர் மட்டுமே.

அதனால் முதல் செலவு டயர். வண்டியோடு வருவது 195/80 ஆர்15, தார்ச்சாலைக்கான எச்.டி. வகை. அதைக் கழற்றி 215/75 ஆர்15 அளவில், எல்லாப் பாதைக்குமான ஏ.டி. டயர் போட்டேன். விட்டத்தில் கூடியது 10 மில்லிமீட்டர், ஆக்ஸிலுக்கு அடியில் கிடைத்தது 5. அந்த ஐந்துக்காக மாற்றவில்லை. கூரான கல்லில் பக்கவாட்டுச் சுவர் கிழியாமல் இருப்பதற்காகவும், இன்னொரு காரணத்துக்காகவும். பொலேரோவுக்கும் இதே அளவுதான். இமாசலத்தில் பொலேரோ ஓடாத ஊர் கிடையாது. கின்னோரின் சிறு ஊர்களிலும் டயர் கிழிந்தால் மாற்று கிடைக்க வாய்ப்பு அதிகம். 235/75 போட்டால் பார்க்க இன்னும் கம்பீரமாக இருக்கும். ஆனால் விட்டம் 40 மில்லிமீட்டர் கூடிவிடும். 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உள்ள 1.5 லிட்டர் எஞ்சினுக்கு அது பெரிய சுமை. அளவு மாறியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

எஞ்சினைக் கல்லிலிருந்து காக்கும் அடித்தட்டை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் செய்துகொண்டோம். பம்ப்செட் உதிரிகளைக் கடைந்தே தலை நரைத்த பெரியவர். தம்பி 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு என்றான். அவர் சாக்பீஸால் தரையிலேயே கணக்குப் போட்டார். "அம்மணி, ஒரு சதுர மீட்டர் இரும்பு 47 கிலோ வருமுங்க. அதே கனத்துல அலுமினியம் 16 தானுங்க. உங்களுக்கு அரை மீட்டர் போதும். எஞ்சின் ஆயில் மாத்தறதுக்கு ஓட்டை உட்டுத் தாரேன், தட்டைக் கழட்டற வேலையே இருக்காதுங்க." பின்சீட்டை மடித்தால் தரை சமமாக வராது. அதன்மேல் படுக்க ஒரு மேடையும் அவரே அலுமினிய செக்ஷனில் அடித்துக் கொடுத்தார். 12 மில்லிமீட்டர் பிளைவுட் முழு ஷீட்டே 20 கிலோவைத் தாண்டும். இந்த மேடை அதில் பாதிகூட இல்லை. நான்கு போல்ட்டைக் கழற்றினால் பையன் உட்கார சீட் திரும்ப வந்துவிடும்.

மலைவழியில் வண்டியை எப்படிக் கையாள்வது என்பதை நான் கண்டுகொண்டது கொழுக்குமலை ஜீப்பில். சூரியநெல்லியிலிருந்து ஏறும் அந்தப் பாறைவழியில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போகும் பழைய ஜீப்புகளில் வின்ச்சும் கிடையாது, விளக்குப் பட்டையும் கிடையாது. நல்ல டயர், கூடுதலாக ஒரு பட்டை ஸ்பிரிங், அவ்வளவுதான். ஓட்டுநர் லோ கியரில் முதல் கியரைப் போட்டுவிட்டு இரண்டு காலையும் எடுத்துக்கொண்டார். "கிளச்சுல கால் வைக்காதீங்க அக்கா, அதுவே ஏறும்." ஒவ்வொரு கல்லையும் டயரின் மேல் ஏற்றினாரே தவிர, ஒன்றைக்கூட இரண்டு சக்கரத்துக்கு நடுவே விடவில்லை. உயரமான கல்லை நடுவில் விட்டால் ஹவுசிங் அடிபடும், டயரில் ஏற்றினால் வண்டியே அந்தக் கல்லின் உயரத்துக்கு எழும்பிவிடும். இதைப் பார்த்துவிட்டு வந்ததால் தம்பிக்கும் வின்ச் மேல் இருந்த பிடிவாதம் தளர்ந்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் முழுச் சாமானோடு வண்டியை லாரி எடைமேடைக்குக் கொண்டுபோனேன். பருத்திப் பொதியும் ஜல்லியும் நிற்கும் மேடையில் ஜிம்னி ஒரு மூலையில் அடங்கிவிட்டது. முதலில் முழு வண்டி, பிறகு முன்சக்கரம் மட்டும், பிறகு பின்சக்கரம் மட்டும் என்று எடை கேட்டேன். எடைபோடுகிறவர் பொறுமையாக மூன்று சீட்டும் போட்டுக் கொடுத்தார். மொத்தம் 1,500. வரம்புக்கு 45 கிலோ கீழே. தண்ணீர்க் கேன்களைப் பின்கதவுப் பக்கமிருந்து எடுத்து முன்சீட்டுக்குப் பின்னால் தரையில் வைத்துக் கட்டினோம்.

நெடுஞ்சாலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏ.டி. டயரின் ரீங்காரம் நாக்பூரைத் தாண்டும்போது காதுக்குப் பழகிவிட்டது. சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாக ஸ்பிதிக்குள் நுழைவதே நல்லது. மணாலி வழியாகப் போனால் உடம்பு பழகுவதற்குள் கணவாயில் ஏறிவிடுவோம். இந்தப் பக்கம் நார்கண்டா தாண்டி ராம்பூருக்கு இறங்கினாலும், அங்கிருந்து நாகோ வரை உயரம் படிப்படியாகக் கூடும். காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. அதற்குமேல் மரம் அரிது. மண்ணும் பாறையும் ஆறும்தான். கி.பி. 996-இல் எழுந்த தாபோ மடாலயம் அந்த மண்ணிலேயே கட்டியது. உள்ளே இருட்டுப் பழகிய பிறகு சுவர் முழுக்க ஓவியங்கள் தெரிய ஆரம்பித்தன. நாங்கள் நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டோம்.

காஸாவில் காலையில் டயர் கேஜை வைத்துப் பார்த்த தம்பி, "அக்கா, யார் காத்து அடிச்சது?" என்றான். யாரும் அடிக்கவில்லை. சமவெளியில் 28 பி.எஸ்.ஐ. வைத்திருந்தது இங்கே 31 காட்டியது. வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய, உள்ளே இருக்கும் அதே காற்று கேஜில் கூடுதலாகத் தெரியும். கல் பாதைக்கு இது ஆகாது. லாங்ஸா, கோமிக் பக்கம் ஏறும்போது 20-க்கு இறக்கினோம். டயர் தரையில் படும் நீளம் கூடி, கல்லை எத்தித் தள்ளாமல் அணைத்துப் போனது. பல்லுக்குப் பல் தட்டிய அதிர்வு பாதியானது. காற்றை இறக்க ஒரு குச்சி போதும், திரும்ப அடிக்கத்தான் கம்ப்ரசர் வேண்டும். குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் வேகமாகப் போனால் டயரின் பக்கச் சுவர் சூடேறிப் பிரிந்துவிடும். கம்ப்ரசரை சிகரெட் லைட்டர் துளையில் சொருகாமல் நேரே பேட்டரியில் கவ்வ வேண்டும், துளையின் ஃபியூஸ் அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. நான் செய்த செலவில் மிகப் பெரிய பலன் தந்தது இந்தச் சின்னப் பெட்டிதான்.

குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 60 சதவீதம்கூட இல்லை. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினின் பலமும் அதே கணக்கில் குறையும். 100 குதிரைசக்தி என்று வாங்கிய வண்டி அங்கே ஏறத்தாழ 60-ஐ வைத்துக்கொண்டு ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலேயே திணறியபோது நிறுத்தி, 4எல் என்னும் லோ கியரைப் போட்டு, இரண்டாம் கியரில் ஏறினேன். சரளைப் பாதை என்பதால் போடலாம், காய்ந்த தார்ச்சாலையில் போட்டால் முன் பின் ஆக்ஸில்கள் ஒன்றையொன்று இழுத்து முறுக்கிக்கொள்ளும். வண்டி அமைதியாக ஏறியது. பட்டியலில் இருந்த அந்த 185 கிலோவும் கூட இருந்திருந்தால் கிளச் என்ன பாடுபட்டிருக்கும் என்று அந்த வளைவுகளில் எனக்குத் தெரிந்தது. ஜெர்ரிகேனுக்கும் தேவை வரவில்லை. ரெக்காங் பியோவிலும் காஸாவிலும் பங்க் உண்டு. 40 லிட்டர் தொட்டி காஸாவில் நிரம்பினால் மணாலி தாராளமாக வந்துவிடும்.

கணவாயைத் தாண்டி இறங்கி, பாட்டலில் இரவு தங்கினோம். அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி எவ்வளவு நேரமானாலும் நறுக்கென்றே நிற்கும். 3 லிட்டர் குக்கரை எடைச்சீட்டில் சேர்த்துக் கொண்டுவந்ததற்கு அன்று ரசமும் சோறும் கிடைத்தது.

பாட்டலிலிருந்து கிராம்ஃபூ வரையிலான பாதையில் பனியாறுகள் உருகி வரும் ஓடைகள் சாலையின் குறுக்கே ஓடுகின்றன. வெயில் ஏற ஏற உருகும் தண்ணீர் மாலையில் பெருகி, இரவுக் குளிரில் வற்றும். அதனால் எல்லாரும் விடியற்காலையில் கிளம்பிவிடுகிறார்கள். சத்ருவுக்கு முன்னால் ஒரு ஓடையில் தம்பி பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, கம்பை ஊன்றி ஊன்றி அக்கரைக்கு நடந்தான். முழங்காலுக்குக் கீழேதான் ஆழம். ஆனால் தண்ணீர் கலங்கி, அடியில் உருளைக்கற்கள் நகரும் சத்தம் கேட்டது. கயிற்றை முன் கொக்கியில் முன்கூட்டியே மாட்டி, பானெட்டின் மேல் சுற்றி வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். மாட்டிக்கொண்ட பிறகு தண்ணீருக்கு அடியில் கொக்கியைத் தேடக் கூடாது. இழுப்பதற்கு நாங்கள் வைத்திருந்தது நீண்டு கொடுக்கும் நைலான் கயிறு. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் அதை ஒருபோதும் மாட்டக் கூடாது. அது முறிந்து தெறித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். முதல் கியர், ஒரே சீரான வேகம், கண் அக்கரையில். ஏறிவிட்டோம்.

அந்த ஓடைக்காகச் செய்த ஒரு மாற்றம் வெளியே கண்ணுக்கே தெரியாது. ஓடி ஓடிச் சூடான ஹவுசிங் பனித்தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது மூச்சுக்குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். பிறகு உள்ளே இருக்கும் ஆயில் மோர் மாதிரி வெளுத்து, பல்சக்கரத்தைத் தின்னும். மூச்சுக்குழாய்களை ரப்பர் ஹோஸால் நீட்டி, முன்னால் எஞ்சின் அறையிலும் பின்னால் டெயில் லைட் உயரத்திலும் கிளிப் போட்டிருந்தோம். சில நூறு ரூபாய், அரை நாள் வேலை.

கிராம்ஃபூவில் தார்ச்சாலை வந்ததும் நான்கு டயருக்கும் காற்றடித்துவிட்டு, 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்துக்குள் நுழைந்து மணாலிப் பக்கம் வந்தோம்.

ஊர் திரும்பியதும் இரண்டு ஹவுசிங்கிலும் ஆயிலை இறக்கச் சொன்னேன். தேன் நிறம் மாறாமல் வந்தது. அலுமினியத் தட்டில் ஆழமாக இரண்டு கீறல், அவ்வளவுதான். மேடையைக் கழற்றி மொட்டைமாடியில் வைத்தாயிற்று. கம்ப்ரசரும் கயிறும் பஞ்சர் கிட்டும் டிக்கியிலேயே இருக்கின்றன. மழையில் வால்பாறை, நீலகிரிப் பக்கம் போனாலும் அவை உதவும். ஷாக் அப்சார்பர்கள்தான் களைத்துவிட்டன. பாட்டல் பாதையின் ஓயாத உதறலில் உள்ளே எண்ணெய் சூடேறி, சத்ரு வருவதற்குள் பின்பக்கம் துள்ள ஆரம்பித்திருந்தது. அடுத்து நான்கையும் மாற்றப் போகிறேன். உயரம் கூடாமல், சூட்டைத் தாங்கும்படி எது இருக்கிறது என்று தம்பி விசாரித்துக்கொண்டிருக்கிறான். ஷிங்கு லா வழியாக ஜான்ஸ்கார் போகும் பாதையின் வரைபடமும் அவனிடம் தயாராக இருக்கிறது.