நான்கு வெற்று அறைகள்

கணக்குப் பிழைத்தால், ஏட்டைக் கடைசியாகத் தொட்டவனைக் கேட்பது உலக வழக்கம். பல கைகள் மாறி வந்த அந்த ஏட்டின் முதற்பக்கத்தை எழுதியவர் யார் என்று எவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. இவ்வழக்கத்துக்கு நாங்களும் ஆட்பட்டு, ஊர்விட்டு வந்த ஓர் இளைஞனுக்குப் பெருந்தீங்கு இழைக்க இருந்தோம். அதனைச் சங்கத்து அன்பர்களிடம் சொல்லிவிட விரும்புகிறோம். கணிப்பொறித் தொழிலில் நம் பிள்ளைகள் பலர் இருக்கும் இந்நாளில், பெரியவர்களும் படித்துணரத்தக்க செய்தி இதில் உண்டு என்பது எங்கள் நம்பிக்கை.

நாங்கள் இருவர். ஒருவர் கும்பகோணத்தார், மற்றவர் நெல்லைச் சீமையார். 1990களில் வேலை தேடித் தில்லிக்கு வந்து, கரோல்பாக்கில் ஒரே மாடியறையில் தங்கி, பின்னர் ஒரே அலுவலகத்தில் அமர்ந்தோம். மருந்துகளைக் கிடங்குகளில் சேமித்து மருத்துவமனைகளுக்கு அனுப்பும் நிறுவனம் அது. எந்த மருந்து, எந்தக் கிடங்கில், எத்தனை பெட்டி, எந்த நாளில் காலாவதி என்ற விவரம் அனைத்தும் ஒரு தரவுத்தளத்தில் இருந்தன. அத்தரவுத்தளத்தைக் காப்பதே எங்கள் பணி.

தரவுகளை அட்டவணைகளாக அடுக்கி, அவற்றுக்கிடையேயுள்ள உறவுகளால் வினாக்களுக்கு விடை காணும் முறையை 1970ஆம் ஆண்டில் எட்கார் காட் என்பார் வகுத்தளித்தார். வினாவைத் தொடுப்பது மனிதர் வேலை. விடைக்குச் செல்லும் வழியைத் தேர்வது கணிப்பொறியின் வேலை. அவ்வழியைச் செலவு கணக்கிட்டுத் தேரும் முறையை 1979இல் பட்ரீசியா செலிங்கரும் அவருடைய ஐ.பி.எம். தோழர்களும் எழுதி வெளியிட்டனர். நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் பார்த்து நேரே பக்கத்துக்குச் செல்வதா, முதற்பக்கத்திலிருந்து முழுவதையும் புரட்டுவதா? கிடைக்கப்போவன சில வரிகளே எனில் முன்னது நன்று. பெரும்பகுதி எனில் பின்னது நன்று. இதனை முன்கூட்டியே மதிப்பிடுவதற்குத்தான் தரவுத்தளம் தன்னைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் தானே சேர்த்து வைத்துக்கொள்கிறது. நாங்கள் கையாண்ட போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், வேறு கட்டளை இடாதவிடத்து, 30,000 வரிகளை மாதிரியாக எடுத்து இவ்விவரத்தைத் திரட்டும்.

இம்மதிப்பீட்டில் ஒரு குறையுண்டு. சரக்கில் எட்டில் ஒரு பங்கு இன்சுலின், நான்கில் ஒரு பங்கு குளிரறைச் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். குளிரறையில் உள்ள இன்சுலின் எவ்வளவு என்று கேட்டால், கணிப்பொறி இரண்டையும் பெருக்கி முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்று முடிவு கட்டும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில்தான் வைத்தாக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. உண்மை விடை எட்டில் ஒரு பங்கு. இக்குறையை நீக்க, 2005ஆம் ஆண்டில் நாங்களே ஓர் இணைப்பு நிரலை எழுதினோம். இரண்டு விவரங்கள் சேர்ந்தாற்போல் மாதிரியில் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிக் குறித்து வைத்து, வேண்டும்போது வாசித்துச் சொல்லும் நிரல் அது. ஒன்பது ஆண்டுகள் ஒரு குறையுமின்றி ஓடிற்று. அதனால் எங்களுக்குப் பெயரும் கிடைத்தது. சிறிது செருக்கும் சேர்ந்தது.

2013இன் இறுதியில் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் எங்கள் பிரிவில் வந்து சேர்ந்தான். தகுதிகாண் பருவம் ஆறு மாதம். இந்தி தெரியாது, தில்லிக் குளிருக்கு ஏற்ற கம்பளிச் சட்டையும் இல்லை. தந்தை நெசவுத் தொழிலாளி. தங்கைக்குத் திருமணம் பேசியிருந்தார்கள். எங்களை அலுவலகத்தில் ‘சார்’ என்றும், வெளியே வந்தால் ‘அண்ணா’ என்றும் அழைப்பான். எங்கள் நிரலில் ஒரு சிறு மாற்றம் தேவைப்பட்டது: குறிப்பின் தலைப்பில் ஒரு பதிப்பெண்ணைச் சேர்க்க வேண்டும். அவ்வேலையை அவனிடம் ஒப்படைத்தோம். அவனும் செய்து முடித்தான்.

அடுத்த திங்கட்கிழமை காலை, நொடியில் முடியும் வினா ஒன்று பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டது. அனுப்ப வேண்டிய குளிரூட்டிய மருந்துகளின் பட்டியல் வரவில்லை. மூடுபனியில் வண்டிகள் வரிசையாக நின்றன. மருத்துவமனைகளிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. மாற்றம் செய்தவன் அவன் ஒருவனே; ஆகவே பிழையும் அவனுடையதே என்று தீர்த்தோம். அவன் கைவண்ணத்தை நீக்கிப் பழைய நிரலை இட்டதும் எல்லாம் சீராயிற்று. இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்? அவனுடைய பணியைத் தொடர வேண்டியதில்லை என்று மேலாளருக்கு ஒரு குறிப்பெழுதி, இருவரும் கையெழுத்திட்டோம்.

“அண்ணா, நான் ஒரு அறைதான் கூடச் சேர்த்தேன். எண்களைத் தொடவே இல்லை” என்றான் அவன். நாங்கள் விடை சொல்லவில்லை.

புதிய கணிப்பொறிகளைத் தொடும் உரிமை அவனிடமிருந்து பறிக்கப்பட்டது. மூலையில், ஸ்பார்க் வகைச் செயலி கொண்ட பழைய சன் கணிப்பொறி ஒன்று கழித்துக்கட்டும் நாளை எதிர்பார்த்துக் கிடந்தது. அவன் அதன் முன் அமர்ந்து, தன் மாற்றத்தோடு கூடிய நிரலை அதில் ஓட்டினான். மெதுவாக ஓடும் என்று பார்த்தால், அடியோடு நின்றுவிட்டது. ‘பஸ் எரர்’ என்ற இரண்டு சொற்களே திரையில் மிஞ்சின. பழைய இயந்திரம், பழுதாயிருக்கும் என்றோம். மறுநாள் அவன் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தான். இருபது முறை ஓட்டியிருக்கிறான். இருபது முறையும் ஒரே வரியில் நின்றிருக்கிறது. பழுதான இயந்திரம் இத்தனை ஒழுங்காகப் பழுதாவதில்லை. அந்த வரி அவன் எழுதியதன்று. 2005இல் நாங்கள் எழுதியது.

அப்போதும் எங்கள் மனம் இணங்கவில்லை. அவன் கருத்தைப் பொய்யாக்கிக் காட்டவே ஆராயப் புகுந்தோம். எங்கள் நிரலில் ஒரு காப்பு விதி வைத்திருந்தோம்: கிடைத்த எண்ணிக்கை மாதிரியின் அளவை மீறினால், அனைத்து வரிகளும் என்று கொள்க. அவ்விதியை நீக்கி, வாசித்த எண்ணை உள்ளபடியே அச்சிடச் செய்தோம். மாதிரியில் 12 முறை வரும் ஓர் இணைக்கு 51,53,96,07,552 என்று அச்சாயிற்று. அதனை 12ஆல் வகுத்தோம். மீதியின்றி 4,29,49,67,296 வந்தது.

இத்தொழிலில் உள்ளவர்களுக்கு அவ்வெண் பழகிய முகம். பைட்டு என்னும் ஓர் அறையில் 256 வகை மதிப்புகள் அடங்கும். 256ஐ நான்கு முறை பெருக்கினால் கிடைப்பது அது. நாம் எழுதும் 12க்குப் பின் நான்கு சுழிகள் தவறுதலாக ஒட்டிக்கொண்டால் 1,20,000 ஆவது போல, நான்கு வெற்று அறைகள் எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது அதன் பொருள்.

வெற்று அறைகள் எங்கிருந்து வந்தன? எட்டு அறை கொள்ளும் எண், நினைவகத்தில் எட்டின் மடங்கான இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது கம்பைலரின் ஒழுங்கு. முன்னர்த் தலைப்பில் நான்கு அறை கொண்ட எண்கள் இரண்டே இருந்தன, எட்டு அறைகள், அதன் பின் எண்ணிக்கைகள் தாமே ஒழுங்காக அமர்ந்தன. இளைஞன் மூன்றாவதைச் சேர்த்ததும் தலைப்பு பன்னிரண்டு அறைகள் ஆயிற்று. பன்னிரண்டு எட்டின் மடங்கன்று. ஆகவே கம்பைலர் நான்கு அறைகளை வெறுமையாக விட்டு, பதினாறாம் இடத்தில் எண்ணிக்கைகளை வைத்தது. எழுதும் பகுதி இவ்வொழுங்கைப் பின்பற்றிற்று. வாசிக்கும் பகுதியோ, நான்கும் நான்கும் நான்கும் பன்னிரண்டு என்று கூட்டி, வெற்றிடத்திலிருந்தே வாசிக்கத் தொடங்கிற்று. அப்படிக் கூட்டும்படி அதற்குக் கற்பித்தவர்கள் நாங்கள்.

எங்கள் புதிய கணிப்பொறிகளின் செயலி, ஒழுங்கற்ற இடத்திலிருந்து கேட்டாலும் மறுக்காமல் எடுத்துக் கொடுக்கும் இயல்புடையது. கொடுத்ததை எங்கள் காப்பு விதி நம்பத்தக்கதாக மாற்றிற்று. 40,00,000 வரிகள் கொண்ட அட்டவணையில் 1,600 என்று மதிப்பிட வேண்டிய இடத்தில் 40,00,000 என்று மதிப்பிட்டு, ஏடு முழுவதையும் புரட்டச் சென்றது தரவுத்தளம். பழைய ஸ்பார்க் செயலி மட்டும் எட்டின் மடங்கல்லாத இடத்திலிருந்து தரமாட்டேன் என்று நின்றது. அதைப் பழுது என்றோம்.

திருத்தம் சிறிது. தொடங்கும் இடத்தை இரு பகுதிகளும் ஒரே விதியால் கணக்கிடும்படியும், எண்ணை ஒழுங்கான இடத்தில் படியெடுத்துப் பின் வாசிக்கும்படியும் செய்தோம். காப்பு விதி இனி வாய்மூடி இராமல், அளவு மீறியதைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றும் வகுத்தோம். இளைஞனின் மாற்றத்தை மீண்டும் இட்டோம். வினா நொடிக்குள் முடிந்தது. சேமித்திருந்த புள்ளிவிவரத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எழுதப்பட்டது அனைத்தும் சரி. வாசித்த இடமே தவறு.

கையெழுத்திட்ட குறிப்பு ஒன்று மேலாளரிடம் இருந்தது. அன்று மாலை எங்களுள் ஒருவர், “பிழைதான் தீர்ந்ததே, பையனையும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவோம். யார் எழுதிய வரி என்றெல்லாம் எதற்கு?” என்றார். எவர் அப்படிச் சொன்னார் என்பதை இங்கே எழுதவில்லை. மற்றவரும் சற்று நேரம் மறுக்கவில்லை என்பதே காரணம். இருபதாண்டுப் பெயரை இழக்க எவருக்கும் மனம் வராது. ஆயினும், ‘பிழை தீர்ந்தது’ என்று மட்டும் எழுதினால், பிழை செய்தவன் என்ற பெயர் அவனோடு நிற்கும் என்பது இரவில் உறைத்தது. மறுநாள் காலை முதற்குறிப்பைத் திரும்பப் பெற்று, வரி எங்களுடையது, கண்டறிந்தவன் அவன் என்று எழுதிக் கொடுத்தோம். மேலாளர் படித்துவிட்டுச் சரி என்றார். நாங்கள் அஞ்சிய அளவுக்கு ஒன்றும் நேரவில்லை.

அவனிடம் மன்னிப்புக் கேட்டது அலுவலகத்தில் அன்று. கரோல்பாக் வீட்டில், இலை போட்டுச் சாப்பாடு பரிமாறியபோது. “விடுங்க அண்ணா” என்று தலைகுனிந்தான். திரும்பும்போது எங்களுள் ஒருவருடைய கம்பளிச் சட்டையை வற்புறுத்திக் கொடுத்தனுப்பினோம். அதை அவன் வந்த மாதமே கொடுத்திருக்க வேண்டும்.

2017இல் வெளியான பத்தாம் பதிப்பு முதல், பல விவரங்களைச் சேர்த்து நோக்கும் புள்ளிவிவரத்தைப் போஸ்ட்கிரெஸ் தானே தரத் தொடங்கிற்று. 2019இன் பன்னிரண்டாம் பதிப்பில், சேர்ந்து வருவனவற்றின் பட்டியலையே அது வைத்துக்கொள்ளக் கற்றது. எங்கள் நிரலுக்கு வேலையில்லாமல் போயிற்று. பழைய சன் கணிப்பொறியும் எடைக்குப் போய்விட்டது.

ஒன்பது ஆண்டுகள் ஓடியது என்பதால் எங்கள் வரி சரியானதாகிவிடவில்லை. அதைச் சோதிக்கும் நிலை அதுவரை வரவில்லை; அவ்வளவே. புதிதாக வந்த ஒருவன் ஓர் அறையைச் சேர்த்ததும் அது வெளிப்பட்டது. நம் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஊரிலிருந்து பிள்ளைகள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். அவர்கள் வந்த பின் ஏதேனும் ஒன்று கோணினால், அவர்கள் தொட்டதைப் பார்க்குமுன் நாம் முன்பு எழுதிவைத்ததை ஒருமுறை எடுத்துப் பார்ப்போமாக.